இருபது அடி தூரத்தில் ஒரு மேசை

"அவர் பிழையா ஒண்டும் செய்யேல்லையடி. அதுதான் பிரச்சினை."

போன வருசம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து தோழி ஒருத்தி இப்படிச் சொன்னாள். கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் அவளுக்கு வேலை. அதே பிரிவில் வேலை செய்யிற ஒருவர், அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒபீஸில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் காலையில் ஒரு 'குட் மோர்னிங்'. பிறகு "சாப்பிட்டாச்சா?". பிறகு அவள் பஸ் எடுக்கிற நேரம் பார்த்து அவரும் வெளிக்கிடுவது. மேசையில் சொக்லேட். "அண்ணா, எனக்கு இதில விருப்பமில்லை" என்று ஒருக்கா நேரடியாகச் சொல்லியும் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் நீளமான மன்னிப்புக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரியில் திரும்பவும் ஒரு கோப்பி குடிக்கக் கூப்பிட்டிருந்தார்.

"தொட்டவரா? இல்லை. தூசணம் கதைச்சவரா? இல்லை. நான் எச்.ஆரிட்டப் போய் என்னத்தைச் சொல்லுறது? குட் மோர்னிங் அனுப்புறார் எண்டா?"

நான் அப்போது சொன்ன பதிலை நினைக்க இப்பவும் வெட்கமாக இருக்கிறது. "பாவமடி, ஆள் நல்லவர். கண்டுகொள்ளாம விடு, தானா அடங்கிடுவார்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினாள்.

அந்த மௌனம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு உதவும் என்று சட்டம், வரலாறு என்று தேடத் தொடங்கினேன். கடைசியில் போய் நின்ற இடம் 1986ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் மட்டேயோ என்ற ஊரில் உள்ள ஒரு வரி அலுவலகம். அந்தக் கதையைச் சொல்ல முதல் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் என் தோழிக்கு வந்த திண்டாட்டம், "என்னத்தைச் சொல்லுறது?" என்ற அந்தக் கேள்வி, அவளுக்கு மட்டும் வந்த ஒன்றில்லை.

பெயர் இல்லாத காலம்

நியூயோர்க் மாநிலத்தில் இத்தாக்கா என்று ஒரு சின்ன நகரம். கோர்னெல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் அணுக்கரு இயற்பியல் பிரிவில் எட்டு வருசம் வேலை செய்தவர் கார்மிட்டா வூட். நான்கு பிள்ளைகளின் தாய். அங்கிருந்த பெரிய பேராசிரியர் ஒருவர் அவரை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். அவரை வழியில் சந்திக்கக்கூடாது என்பதற்காகவே வூட் லிஃப்டை விட்டுவிட்டுப் படியால் ஏறி இறங்கத் தொடங்கினார். கழுத்திலும் முதுகிலும் தீராத நோவு வந்தது. வேறு பிரிவுக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1974இல் வேலையை விட்டார்.

வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற கொடுப்பனவுக்கு அவர் விண்ணப்பித்தபோது, ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லச் சொல் வரவில்லை. "தனிப்பட்ட காரணம்" என்றார். தனிப்பட்ட காரணத்துக்காக வேலையை விட்டவருக்குக் கொடுப்பனவு இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டிலும் அவர் வெல்லவில்லை.

அந்த நேரம் கோர்னெலில் லின் ஃபார்லி என்பவர் பெண்களும் வேலையும் பற்றி ஒரு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் பெண் மாணவர்கள் தங்கள் வேலை அனுபவங்களைச் சொல்லச் சொல்ல ஒரு விசயம் வெளியே வந்தது: கிட்டத்தட்ட எல்லாருக்குமே இப்படி ஒன்று நடந்திருந்தது, ஒருத்தரும் அதை முன்னர் வெளியே சொன்னதில்லை. வூட் உதவி கேட்டு வந்தபோது இந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு பொதுக்கூட்டம் வைக்கத் தீர்மானித்தார்கள். கூட்டத்துக்குச் சுவரொட்டி எழுத வேண்டும். எதைப் பற்றிய கூட்டம் என்று எழுதுவது? "மிரட்டல்" என்றால் முழுக்கப் பொருந்தவில்லை. "சுரண்டல்" என்றாலும் சரிவரவில்லை. சாடையான சேட்டையிலிருந்து பெரிய கொடுமை வரைக்கும் எல்லாவற்றையும் அடக்குகிற ஒரு சொல் தேவைப்பட்டது. கடைசியில் அவர்கள் எடுத்த சொல்லைத்தான் நாங்கள் இன்றைக்குத் தமிழில் பாலியல் தொந்தரவு, பாலியல் துன்புறுத்தல் என்று சொல்கிறோம். அங்கங்கே சிலர் அதை முன்னரும் பாவித்திருக்கிறார்கள். ஆனால் 1975 மே மாதம் இத்தாக்காவில் நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் அது பத்திரிகைக்கும் சட்டப் புத்தகத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய ஒரு நூலில் வூட்டின் கதையை எடுத்துப் பேசுகிறார். தனக்கு நடந்ததை விளங்கிக்கொள்ளத் தேவையான சொல்லையே ஒரு சமூகம் ஒருவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதும் ஓர் அநீதிதான் என்பது அவருடைய வாதம். வூட்டுக்கு நோவு இருந்தது, பயம் இருந்தது, வேலை போனது. அதற்கு ஒரு பெயர் மட்டும் இருக்கவில்லை. பெயர் இல்லாததால், நடந்ததெல்லாம் அவருடைய "தனிப்பட்ட" விசயமாகிப் போனது.

"விரும்பித்தானே போனாய்?"

பெயர் வந்துவிட்டது. அதைச் சட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. 1964ஆம் ஆண்டின் அமெரிக்க சிவில் உரிமைகள் சட்டம், இனம், மதம், பால் போன்ற காரணங்களால் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொன்னது. மேலதிகாரி ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்வது இந்தப் பாகுபாட்டுக்குள் வருமா? வராது, அது இரண்டு பேருக்கிடையிலான சொந்தப் பிரச்சினை என்றுதான் ஆரம்பத்தில் நீதிபதிகள் சொன்னார்கள். அதை மாற்றியது தொடர்ச்சியாக வந்த வழக்குகள். போலெட் பார்ன்ஸ், டயான் வில்லியம்ஸ், மிஷெல் வின்சன் என்று அந்த வழக்குகளைத் துணிந்து போட்ட முக்கியமான பலர் கறுப்பினப் பெண்கள். இந்தச் சட்டத்தின் வரலாறு சொல்லப்படும்போது இது அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

இவர்களில் மிஷெல் வின்சனின் வழக்குத்தான் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. 1974இல் வொஷிங்டனில் ஒரு வங்கியில் காசாளர் பயிற்சிக்குச் சேர்ந்தவர். வேலையில் கெட்டிக்காரி, திறமையால் படிப்படியாக உயர்ந்தவர். தன்னுடைய மனேஜர் பல வருசங்களாகத் தன்னைப் பாலியல் உறவுக்கு வற்புறுத்தினார், வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் இணங்கினேன் என்பது அவருடைய முறைப்பாடு. மனேஜர் எல்லாவற்றையும் மறுத்தார். அப்படி ஓர் உறவு இருந்திருந்தாலும் அது அவளாக விரும்பிப் போனதுதானே என்று கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

1986 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து வேறு மாதிரிச் சொன்னார்கள். அவள் "விரும்பிப் போனாளா" என்பது சரியான கேள்வி இல்லை. அந்த அணுகல் அவளுக்கு "வேண்டாத ஒன்றாக" இருந்ததா என்பதுதான் கேள்வி. சம்பளமோ பதவியோ குறையாவிட்டாலும், வேலையிடத்தின் சூழலையே நச்சாக்கினால் அதுவும் பாகுபாடுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும். யோசித்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவரோடு சிரித்துக் கதைத்தாயா? கதைத்தேன். கொடுத்த சொக்லேட்டை வாங்கினாயா? வாங்கினேன். ஒருத்தரும் கத்தியைக் காட்டவில்லை. ஆனால் வேண்டியிருந்ததா? இல்லை. என் தோழி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது அந்த இடைவெளியில்தான்.

மூன்று துண்டு கோட்

வின்சன் வழக்கின் தீர்ப்பு வந்த அதே ஜூன் மாதம். சான் மட்டேயோ வரி அலுவலகம். கெரி எலிசன் அங்கே வரி அதிகாரி. அவரோடு 1984இல் பயிற்சியில் சேர்ந்த ஓர் ஆண் அதிகாரியும் அதே அலுவலகத்தில் இருந்தார். அவருடைய மேசை எலிசனின் மேசையிலிருந்து இருபது அடி தள்ளி, இரண்டு வரிசை பின்னால். இரண்டு பேரும் நண்பர்கள் இல்லை. சேர்ந்து செய்கிற வேலையும் அவ்வளவாக இல்லை. முக்கியமான விசயம், அவர் எலிசனுக்கு மேலதிகாரியும் இல்லை. சக ஊழியர், அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் எல்லாரும் கூட்டமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவது வழக்கம். ஒருநாள் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அவர் எலிசனைச் சாப்பிடக் கூப்பிட்டார். எலிசனும் போனார். அதற்குப் பிறகு அவர் எலிசனின் மேசையைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கினார். தேவையில்லாத கேள்விகள் கேட்டார். ஒக்டோபரில் வேலை முடிய ஒரு ட்ரிங்க் குடிக்கக் கூப்பிட்டார். எலிசன் மறுத்தார். மறுத்துவிட்டு, முகத்தை முறிக்காமல் இருக்க, அடுத்த கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். உண்மையில் அவருக்குத் தனியாகப் போக விருப்பமில்லை. அதனால் அடுத்த கிழமை சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் நிற்காமல் இருக்கப் பார்த்தார். ஒருநாள் அந்த மனிதர் வழக்கமில்லாத வழக்கமாக மூன்று துண்டு கோட் சூட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எலிசன் திரும்பவும் மறுத்தார்.

ஒக்டோபர் 22ஆம் திகதி, தொலைபேசிச் செய்தி குறித்து வைக்கிற சின்னத் துண்டில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முதல்நாள் இரவு அவளை நினைத்து அழுதேன், களைத்துப் போனேன், உன்னுடைய வெறுப்பை இன்னொரு நாள் தாங்க ஏலாது என்ற மாதிரி. எலிசன் பயந்துபோய் அறையை விட்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு வந்து என்னோடு கதை என்று நின்றார். எலிசன் கட்டிடத்தை விட்டே போய்விட்டார்.

அந்தக் கடிதத்தைப் பிறகு மேற்பார்வையாளரிடம் காட்டினார். மேற்பார்வையாளர் ஒரு பெண். பார்த்த உடனேயே இது பாலியல் தொந்தரவு என்றார். ஆனால் எலிசன் கேட்டுக்கொண்டது என்ன தெரியுமா? நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. இன்னொரு ஆண் ஊழியரைக் கூப்பிட்டு, அவளுக்கு விருப்பமில்லை, தயவுசெய்து விட்டுவிடு என்று அவரிடம் சொல்லச் சொன்னார்.

அடுத்த கிழமை எலிசன் நான்கு கிழமைப் பயிற்சிக்காக ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளியிருக்கிற சென்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். கடிதம் அங்கேயும் வந்தது. ஒரு வாழ்த்து அட்டை, அதோடு தட்டச்சில் நெருக்கி அடித்த மூன்று பக்கம். அதில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஓர் உறவு இருப்பது போலவே எழுதியிருந்தார். தூரத்தில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதை ரசிப்பதாக எழுதியிருந்தார். இன்னும் எழுதுவேன் என்றும் சொல்லியிருந்தார். எலிசன் உடனே மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் இரண்டு பேரில் ஒருவரை மாற்றுங்கள், ஒரே அலுவலகத்தில் இனி ஏலாது என்றார்.

அவரை சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மூன்று கிழமையில் அவர் தொழிற்சங்கம் வழியாகத் திரும்பி வரக் கேட்டார். இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்ற வாக்குறுதியோடு மொத்தம் ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வரலாம் என்று திணைக்களமும் சங்கமும் பேசி முடித்தன. இதை எலிசனிடம் ஒருவரும் கேட்கவில்லை. 1987 ஜனவரி கடைசியில் ஒரு கடிதத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. இரண்டே நாளில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அவர் திரும்பி வருகிற நேரம், தானே தற்காலிகமாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக அனுமதியும் வாங்கிக்கொண்டார்.

திணைக்களம் முறைப்பாட்டைத் தள்ளியது. மாவட்ட நீதிமன்றம், இவை தனித்தனியாக நடந்த அற்ப விசயங்கள் என்ற கருத்தில், விசாரணைக்கே எடுக்காமல் தள்ளியது. நானும் தேத்தண்ணிக் கடையில் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருந்தேன்.

யாருடைய கண்ணால் பார்ப்பது?

1991 ஜனவரி 23ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் எலிசனுக்குச் சார்பாகவும் ஒருவர் எதிராகவும் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ரொபர்ட் பீசர் என்ற நீதிபதி.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், தீர்ப்பு அந்த ஆணை ஓர் அரக்கனாகக் காட்டவே இல்லை. அவருடைய கண்ணால் பார்த்தால் அவர் ஒரு காதல் நாயகன்தான் என்று ஒத்துக்கொண்டது. அதற்கு நீதிபதி எடுத்த உதாரணம் சிரானோ த பெர்ஜெராக். பிரெஞ்சு நாடகம் ஒன்றின் நாயகன், சொற்களால் ஒரு பெண்ணின் மனதைக் கவரப் பார்த்த கவிஞன். எங்களுக்கு சிரானோ தேவையில்லை. தமிழ்ப் படத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெண் இல்லை என்பாள், பெடியன் பஸ் தரிப்பிடத்தில் நிற்பான், மழையில் நனைவான், ஒரு பாட்டு வரும், இடைவேளைக்குப் பிறகு அவள் சிரிப்பாள். அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. அந்த வரி அதிகாரியிடமும் கெட்ட எண்ணம் இருந்ததாக எந்தச் சாட்சியமும் இல்லை.

ஆனால் கெட்ட எண்ணம் இருந்ததா என்பதைப் பார்த்து முடிவுசெய்ய ஏலாது என்றது நீதிமன்றம். பார்க்க வேண்டியது, அதை வாங்கிக்கொண்டவரின் நிலையில் இருக்கிற நியாயமான ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதை. பால் வேறுபாடு பார்க்காத "நியாயமான மனிதர்" என்று பொதுவாகச் சொல்லும்போது, நடைமுறையில் அது ஆணின் பார்வையாகவே முடிந்துவிடுகிறது. பாலியல் வன்முறைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் பெண்கள். ஆகவே ஓர் ஆண் பெரிதாக எடுக்காத விசயத்துக்குப் பின்னால், இது எங்கே போய் முடியுமோ என்ற பயம் ஒரு பெண்ணுக்கு வருவது நியாயம். அந்த மூன்று பக்கக் கடிதத்தை எழுதியவருக்கு அது காதல். சென்ட் லூயிஸில் ஓர் அறையில் இருந்து வாசித்தவருக்கு, இந்த ஆள் அடுத்ததாக என்ன செய்வாரோ என்ற பயம்.

இன்னொன்றும் சொன்னது. தொந்தரவுக்கு ஆளானவரை வசதி குறைந்த இடத்துக்கு அனுப்புவதைப் பரிகாரம் என்று சொல்லக்கூடாது. ஒருவர் செய்ததற்கு மற்றவரைத் தண்டிக்க ஏலாது.

இந்த "நியாயமான பெண்" அளவுகோலுக்கு விமர்சனமும் வந்தது. எல்லாப் பெண்களும் ஒரே மாதிரியா யோசிக்கிறார்கள்? பெண் என்றால் எளிதில் பயப்படுகிறவள் என்ற பழைய படத்தை இது திரும்ப மாட்டிவைக்கிறதா? நியாயமான கேள்விகள்தான். 1993இல் உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில், பாதிக்கப்பட்டவரின் உணர்வையும் "நியாயமான மனிதர்" என்ற பொது அளவையும் சேர்த்துப் பார்க்கிற வழியை எடுத்தது. ஆனாலும் எலிசன் வழக்கு திறந்துவிட்ட கேள்வி மூடப்படவில்லை. ஒரு செயலை அளக்கும்போது யாருடைய கண்ணால் அளக்கிறோம் என்று கேட்காமல் இனி அளக்க ஏலாது.

இங்கே என்ன இருக்கிறது?

பக்கத்து நாட்டிலிருந்து தொடங்குவோம். 1992இல் ராஜஸ்தானில் அரசாங்கத்தின் பெண்கள் திட்டத்தில் அடிமட்ட ஊழியராக இருந்த பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போனதற்காகக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். தன் வேலையைச் செய்ததற்காக அவருக்கு இது நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கீழ் நீதிமன்றம் 1995இல் விடுதலை செய்தது. ஆனால் அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் போட்ட விசாகா வழக்கில்தான் 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலையிடங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை முழுச் சட்டமாக வர 2013 ஆனது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. அதன் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பது குற்றம். ஐந்து வருசம் வரை சிறையோ, தண்டப்பணமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பிரிவுக்கு ஒரு விளக்கமும் இருக்கிறது. வேலையிடத்திலோ வேறிடத்திலோ அதிகாரத்தில் இருக்கிற ஒருவர், வேண்டாத பாலியல் அணுகலைச் சொல்லாலோ செயலாலோ செய்தால் அது இந்தக் குற்றம்தான் என்கிறது.

"வேண்டாத" என்ற சொல் இங்கேயும் இருக்கிறதைக் கவனியுங்கள். அதோடு "அதிகாரத்தில் இருக்கிற" என்பதையும் கவனியுங்கள். பிரிவு எல்லாருக்கும் பொது. ஆனால் விளக்கத்தில் சட்டத்தின் கண்ணுக்கு முதலில் தெரிந்தது மேலதிகாரிதான். இருபது அடி தூரத்தில் இருக்கிற சக ஊழியர் அதில் பெயர் சொல்லப்படவில்லை. தவிர, இது குற்றவியல் சட்டம். பொலிஸ், நீதிமன்றம் என்று போகிற பாதை. தினமும் காலையில் வருகிற ஒரு 'குட் மோர்னிங்'குக்காக எத்தனை பேர் பொலிஸுக்குப் போவார்கள்?

சர்வதேசத் தொழில் அமைப்பு 2019 ஜூனில் நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம் இந்த விசயத்தில் ஒரு படி முன்னால் போகிறது. ஒருமுறை நடந்தாலும் திரும்பத் திரும்ப நடந்தாலும் அது கணக்கில் வரும். வேலைக்குப் போய்வருகிற பாதையும் வேலை சம்பந்தமான தொலைபேசி, இணையத் தொடர்புகளும்கூட வேலை உலகத்துக்குள் அடங்கும். பஸ்ஸும் வட்ஸ்அப்பும் என்று அதைத் தமிழ்ப்படுத்திக்கொள்ளலாம்.

அண்ணா என்றொரு வேலி

எலிசனின் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த "அடுத்த கிழமை சாப்பிடப் போகலாம்" என்ற பதில். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இல்லை சொல்லுகிறோம். "இண்டைக்கு ஏலாது", "பிறகு பாப்பம்", "அம்மா பேசுவா", "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு". கேட்கிற ஆளுக்கு அது விளங்காமல் இல்லை. கடன் கேட்டு வருகிறவருக்கு "பிறகு பாப்பம்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே விளங்கிவிடும். பெண் சொன்னால் மட்டும்தான் அது "யோசிக்கிறாள்" என்று ஆகிறது.

எங்களிடம் இன்னொரு பழைய உத்தியும் இருக்கிறது. 'அண்ணா'. புது ஒபீஸுக்குப் போன முதல்நாளே பல பெண்கள் பக்கத்து மேசைக்காரரை அண்ணா ஆக்கிவிடுவார்கள். அது மரியாதை மட்டுமில்லை, ஒரு வேலி. நான் உனக்குத் தங்கச்சி, இதற்கு அங்கால வராதே என்று சண்டை பிடிக்காமல் சொல்லுகிற வழி. கனநேரம் அது வேலை செய்கிறது. வேலை செய்யாதபோது அதே வேலி எங்களுக்கே எதிராகத் திரும்பிவிடும். "அண்ணா எண்டுதானே கூப்பிட்டாய், சாப்பிட்டியா எண்டு கேட்டா என்ன பிழை?" உறவுமுறைச் சொல் எல்லையும் போடும், உரிமையும் கொடுக்கும். இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதுதான் சிக்கல். அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு, உறவுமுறைக்குள் ஒளிக்காமல் வெளியே வந்து வெறும் வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: இது எனக்கு வேண்டாம்.

அப்படிச் சொல்ல முடியாமல் போனவர்கள் பிழை செய்தவர்களும் இல்லை. எலிசன் நேராகவும் சொன்னார், பூசி மெழுகியும் சொன்னார், இன்னொருவரை அனுப்பியும் சொன்னார். ஒன்றும் கேட்கப்படவில்லை. அவரைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, அந்தத் துண்டுக் கடிதத்தைக் கிழித்து எறியாமல் வைத்திருந்ததும், நடந்ததை அவ்வப்போது ஒருவரிடம் சொல்லி வைத்ததும்தான்.

தோழியைத் திரும்பச் சந்தித்தபோது முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எலிசனின் கதையைச் சொன்னேன். கோட் சூட் இடத்தில் சிரித்தாள். சென்ட் லூயிஸ் இடத்தில் சிரிக்கவில்லை. அன்றைக்கு இருந்து இரண்டு பேருமாக அவளுடைய வட்ஸ்அப்பைப் பின்னால் தள்ளிப் பார்த்தோம். ஐந்து மாதம். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லாத மெசேஜ்கள். திகதி வாரியாக ஒரு தாளில் எழுதினபோது, தாள் முடிந்து பின்பக்கத்துக்குப் போனது. அதற்குக் கீழே அவள் ஒரு வசனம் எழுதி அவருக்கு அனுப்பினாள். அண்ணா என்ற சொல் அதில் இல்லை. "வேலை விசயம் தவிர வேறு எதற்கும் எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம், வழியில் காத்து நிற்க வேண்டாம்." நான்காம் நாள் திரும்ப ஒரு சொக்லேட் மேசைக்கு வந்தது. அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எச்.ஆருக்குப் போனாள்.

அவர்கள் நல்ல மாதிரித்தான் கேட்டார்களாம். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கதைத்தார்களாம். மெசேஜ் நின்றுவிட்டது. பிறகு அடுத்த கிழமை அவளுடைய மேசையை மேல்மாடிக்கு மாற்றினார்கள். யன்னல் இல்லாத மூலை, தெரிந்தவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அவருடைய மேசை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"முப்பது வருசத்துக்கு முன்னமே அந்த நீதிபதி சொல்லிட்டாரடி, இப்படிச் செய்யக்கூடாது எண்டு" என்றேன்.

"ஓம். அதைத்தான் எழுதிக் கொடுக்கப்போறன்" என்றாள். இந்த முறை தாள் அவளிடம் தயாராக இருந்தது.